பழுப்புக் குளிசைகள்

டயகமப் பக்கத்து ஆடி மாதம் எப்படி இருக்கும் என்று அங்கே தேயிலைக் கொழுந்தெடுத்தவர்களுக்குத்தான் தெரியும். மழை மேலேயிருந்து விழாது, பக்கவாட்டில் அடிக்கும். விரல் மரத்துப்போய், ஒடித்த கொழுந்து கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்றே தெரியாது. ஸ்வெட்டருக்கு மேல் பொலித்தீனைப் போர்த்தி, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, பல் கிட்ட நிரையில் நிற்போம். அப்படி ஒரு காலையில்தான் நாகலெட்சுமி கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பொலித்தீனைப் பிய்த்துப் போட்டாள், ஸ்வெட்டரையும் கழற்றி எறிந்தாள். முகம் சிவந்து, கழுத்திலிருந்து வேர்வை ஒழுகியது. பக்கத்து நிரைப் பெட்டைகள் சிரித்தார்கள். குளிக்கப் போறியா என்று கங்காணி கேட்டான்.

அவள் என் பக்கத்துக் காம்பராக்காரி. எங்கள் லயத்தில் வரிசையாகக் கட்டின அறைகளுக்கு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அங்கே ஒருத்தர் தும்மினால் இங்கே நான் திரும்பிப் பார்ப்பேன். அதனால் அவள் படும் பாடு எனக்குத் தெரியும். தை மாதத்தோடு அவளுக்கு மாதக் குளிப்பு நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு தூக்கமும் போய்விட்டது. நெஞ்சு படபடவென்று அடிக்கும், பாய் நனைந்துபோகும், எழுந்து உட்கார்ந்து காரணமில்லாமல் அழுவாள். புருஷன் தொட்டால் முள்ளால் கிழித்த மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் ரொட்டி தட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். அவள் புருஷன் அழகனுக்கு அது திமிராகத் தெரிந்தது. "கெழவியாயிட்டோம்னு ஒத்துக்கிட்டா சரியாப் போயிரும்" என்று அவன் சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு நான் கேட்டேன். அவன் அவளைவிட மூத்தவன். அவனைக் கிழவன் என்று யாரும் சொன்னதில்லை.

கொழுந்து குறைய ஆரம்பித்தது. நிறுவையில் கூடையை வைத்தால் முள் ஏறாது. முழுப்பேர் விழவேண்டிய இடத்தில் அரைப்பேர் விழுந்தது, அரைநாள் சம்பளம்தான். தோட்டத்து மருந்துக்காரர் பனடோல் கொடுத்தார். பிறகும் போனபோது இன்னும் கொஞ்சம் பனடோல் கொடுத்தார். பொம்பளைகளுக்கு வருவதுதான், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று தத்துவமும் பேசினார். அந்த மனிதருக்குப் பல்வலி வந்தபோது வாகனம் பிடித்து ஹட்டனுக்கு ஓடினதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் மகள் சுதர்ஷினிதான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறாள், மாதத்துக்கு ஒருதடவை வீட்டுக்கு வருவாள். அங்கே ஒரு பெண் டாக்டரைக் காசு கட்டி சேனல் பண்ணிக் காட்டினாள். டாக்டரம்மா சிங்களத்தில் கேட்க, நர்ஸ் தமிழில் சொன்னாளாம். பிரஷர் பார்த்தார்கள், மார்பைச் சோதித்தார்கள், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா, காலில் இரத்தம் கட்டியதுண்டா என்றெல்லாம் விசாரித்தார்கள். உடம்பில் சுரக்கிற ஒன்று குறைந்துபோனதால்தான் இத்தனை தொல்லை, அதை வெளியிலிருந்து கொஞ்சம் கொடுத்தால் சரியாகும் என்று சொல்லி ஒரு குளிசை அட்டை எழுதிக் கொடுத்தார்கள். அட்டையில் முதல் பாதி வெள்ளை, மறுபாதி பழுப்பு. வரிசை தப்பாமல் எல்லாவற்றையும் போட வேண்டும், ஒன்றைக்கூட விடக்கூடாது, அட்டை முடியும்போது பழையபடி கொஞ்சம் இரத்தம் படும், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் திருப்பித் திருப்பிச் சொல்லி அனுப்பினாள்.

முதல் அட்டை முடிவதற்குள் நாகலெட்சுமி தூங்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டாவது அட்டையில் பழைய நாகலெட்சுமி திரும்பி வந்துவிட்டாள். நிரையில் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "என்னாக்கா, நத்தை மாதிரி வாறீங்க" என்று கேலி பண்ணினாள். கட்டச்சம்பல் இடித்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். நர்ஸ் சொன்ன மாதிரியே அட்டை முடிவில் இரத்தம் பட்டது. அதைப் பெரிதாக எடுக்காமல் துணியைத் துவைத்துக் காயப்போட்டாள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் கோயில் கமிட்டி கூடியது.

எங்கள் மாரியம்மன் கோயிலில் திருவிழாவன்று முதல் பானைப் பொங்கல் வைப்பது ஒரு பெண். அவளுக்கு மாதத் தீட்டு நின்றிருக்க வேண்டும், புருஷனும் உயிரோடு இருக்க வேண்டும். அவள் பொங்கல் வைத்தால் அவள் புருஷனுக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். காப்புக் கட்டினதிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை அவன்தான் மாப்பிள்ளை. பெண்ணுக்கு என்ன கட்டுவார்கள் என்று கேட்காதீர்கள். புகையில் கண் எரிய அடுப்பு ஊதுவதுதான் அவளுக்குக் கௌரவம். இந்த இரண்டு தகுதியும் சேர்ந்த பெண் எங்கள் தோட்டத்தில் லேசில் கிடைக்கமாட்டாள். தீட்டு நிற்கிற வயதுக்குள் புருஷன்மார் கசிப்பைக் குடித்துப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் போனார். வழக்கமாகப் பொங்கல் வைத்த வீரம்மாவின் புருஷனும் அந்த ஐப்பசியில் போய்விட்டார். அதனால் வேறு ஆள் தேடினார்கள்.

அந்தத் தேடல் நடந்த விதத்தையும் சொல்லவேண்டும். கவ்வாத்து வெட்டுகிற ஆண்களுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். நாங்கள் மலையில் நிற்கும்போது அவர்கள் கோயில் படியில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எந்த வீட்டுப் பெண்ணுக்கு நின்றுவிட்டது, எவளுக்கு இன்னும் நிற்கவில்லை என்று பெயர் பெயராகச் சொல்லி அலசினார்கள். சந்தையில் ஆட்டைப் புரட்டிப் பார்க்கிறவனுக்குக்கூட இதைவிடக் கூச்சம் இருக்கும். அந்தக் கூட்டத்தில் அழகன் எழுந்து நின்று, "எங்க வீட்டுல நின்னு போச்சுங்க தலைவரே" என்று சொன்னானாம், மகள் பரீட்சை பாஸ் பண்ணின மாதிரி. கோயில் தலைவர் வீரய்யா உடனே சரி என்றுவிட்டார்.

அன்று சாயந்திரம் நாகலெட்சுமி அவனிடம் உண்மையைச் சொன்னாள். குளிசை போட்டதிலிருந்து மறுபடியும் வருகிறது, தலைவரிடம் போய் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள். அவன் கத்தினான். ஊர் முன்னால் சொல்லிவிட்டு வந்தவன் எந்த முகத்தோடு திரும்பிப் போவான் என்றான். பிறகு குளிசை அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீரய்யாவைத் தேடிப் போனான்.

கோயில் படியில் நடந்ததை அவனே பெருமையாக லயமெல்லாம் சொன்னான். இரண்டு ஆண்கள் ஒரு பெண்ணின் மருந்தை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளை போடும்போது இரத்தம் வருகிறதா என்று வீரய்யா கேட்டார், இல்லை என்றான் இவன். பழுப்புப் போட்டு முடிக்கும்போதுதானே வருகிறது என்று கேட்டார், ஆமாம் என்றான். அப்படியானால் தீட்டைக் கொண்டுவருவது பழுப்புத்தான், அதை எடுத்துப் போட்டுவிட்டு வெள்ளையை மட்டும் கொடு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கோயிலுக்கும் குறையில்லை, உடம்புக்கும் குறையில்லை. இத்தனை வருடம் படித்த டாக்டரம்மாவுக்கு இது தோன்றவில்லையே என்று இருவரும் சிரித்தார்களாம்.

மறுநாள் காலை அவன் வாசல் இஸ்தோப்பில் குந்தி, பெருவிரலால் பழுப்புக் குளிசைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பிதுக்கிக் கானுக்குள் போட்டான். மூஞ்சி கழுவின தண்ணீரோடு அவை மிதந்து போயின.

நாகலெட்சுமி எடுத்தவுடன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒன்னுகூட விடக்கூடாதுன்னு அந்த நர்ஸ் சொன்னாங்களே" என்றாள். அந்த நர்ஸா வந்து நம் கோயிலில் பொங்கல் வைக்கப் போகிறாள் என்று அவன் கேட்டான். வெள்ளை தீர்ந்த பிறகு அடுத்த அட்டையின் வெள்ளையை ஆரம்பித்தாள். தூக்கம் கெடவில்லை, வேர்வை வரவில்லை, இரத்தமும் படவில்லை. அதைப் பார்த்து அவளும் சமாதானமாகிவிட்டாள். சுதர்ஷினி மாதாமாதம் அட்டை வாங்கி வந்து கொடுப்பாள். அட்டை பாதி மாதத்திலேயே தீர்ந்துபோகிறது என்பதை மறைக்க, ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்டது, எலி இழுத்துவிட்டது என்று கதை சொல்லி அழகன் அவளிடம் இன்னொரு அட்டையும் கேட்டு வாங்கினான்.

ஒருநாள் கொழுந்து நிறுக்கிற மடுவத்திலிருந்து இறங்கும்போது நாகலெட்சுமி சொன்னதை நான் மறைக்கக்கூடாது. "எனக்கும் ஆசைதான் அக்கா. வயசுக்கு வந்த நாள்லருந்து கோயில்ல தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னே கேட்டுட்டேன். ஒரு தடவையாச்சும் கிட்டப் போயி நிக்கணும்." அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு அவளை இழுத்தார்களே, அவர்களைத்தான் சொல்வேன்.

சித்திரையில் திருவிழா வந்தது. ஒரு வாரமாக மழை இல்லை. லயத்துக்கு வெள்ளையடித்து, கானெல்லாம் கழுவி, வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். தப்பு அடிக்கிற சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. அழகன் தலையில் சரிகைப் பரிவட்டம். அதை நொடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தான். கமிட்டி கொடுத்த அரக்குச் சீலையைக் கட்டி, ஈரத் தலையோடு நாகலெட்சுமி பானையைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். நாங்கள் விதவைகள் கயிற்றுக்கு வெளியே நின்றோம். யூக்கலிப்டஸ் விறகு சரியாகக் காயாமல் புகைந்தது. அவள் பால் ஊற்றினாள், அரிசி களைந்து போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை நின்றதைப் பார்த்தேன். ஒரு கையால் அடுப்புக் கல்லைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அழகனைக் கூப்பிட்டாள். அவன் குனிந்து கேட்டான், ஏதோ சொன்னான், திரும்பிப் போய்த் தலைவர் பக்கத்தில் நின்றுகொண்டான். அவள் அகப்பையை எடுத்துக் கிண்டினாள்.

அவர்கள் பேசினது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். என்றாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "எனக்கு எறங்கிருச்சுங்க, நெறைய வருது, நான் வெலகிக்கிறேன்" என்று அவள் சொன்னாள். அதற்கு அவன் சொன்ன பதில் இது.

"பொங்குற வரைக்கும் நில்லு. செவப்புச் சீலதானே, யாருக்குத் தெரியப் போகுது?"

ஆறு மாதமாகத் தீட்டு, தீட்டு என்று ஒரு பெண்ணின் மருந்தைக் கானில் போட்டவன். அம்மன் முகத்தில் விழிக்கவே பயம் என்று நெற்றி நிறைய விபூதி பூசினவன். தலையில் துணி ஏறினதும் அவனுக்கு அம்மனும் இல்லை, தீட்டும் இல்லை.

பானை பொங்கி வழிந்தது. குலவை போட்டார்கள். நாகலெட்சுமி இறக்கி வைத்துவிட்டு அப்படியே சரிந்தாள். அம்மன் இறங்கிவிட்டாள் என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. வேப்பிலையால் விசிறி, லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். படையல் முடிந்து எல்லாருக்கும் இலையில் பொங்கல் கொடுத்தார்கள். வீரய்யா, கைப்பக்குவம் பிரமாதம் என்று இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். அழகன் தன் இலையை எடுத்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே என்னிடம் வந்தான். வயிறு சரியில்லை, நீங்கள் சாப்பிடுங்கள் அக்கா என்று நீட்டினான். வாழ்நாளில் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காதவன். வாங்கித் தின்றேன். நல்ல பொங்கல், நெய் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அடுத்த இரண்டு நாளும் அவர்கள் காம்பராக் கதவு சாத்தியே கிடந்தது. அம்மன் இறங்கின உடம்பு, யாரும் தொந்தரவு பண்ணக்கூடாது என்று அழகன் வாசலில் நின்று சொன்னான். சுவருக்கு மேலாக வந்த வாடை எனக்குத் தெரிந்த இரத்த வாடை. மஞ்சள் நீராட்டுக்கு அவன் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்தேன். கட்டிலுக்கு அடியில் ஊறின சாக்கு, துணி, பழைய சாரம் எல்லாம் குவிந்து கிடந்தன. அவள் உதடு வெள்ளைக் கடதாசி மாதிரி இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு சொன்னேன்கா" என்றாள். குரலே வரவில்லை. "வாகனம் வந்தா ஊருக்குத் தெரிஞ்சிருமாம். பரிவட்டம் அவுக்கிற வரைக்கும் பொறுத்துக்கன்னாரு."

என் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. சுதர்ஷினிக்கு போன் பண்ணினேன். ஆட்டோவைக் கூப்பிட்டு, இரண்டு பெண்களோடு அவளைத் தூக்கி ஏற்றினேன். கோயிலைத் தாண்டித்தான் ரோடு போகிறது. மஞ்சள் தண்ணீரில் நனைந்து ஆடிக்கொண்டிருந்த அழகன் ஆட்டோவைப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆடினான்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். கருப்பையைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். குளிசையெல்லாம் ஒழுங்காகப் போட்டாளா என்று டாக்டர் கேட்டபோது, போட்டார்கள் என்று சுதர்ஷினி சொன்னாள். நாகலெட்சுமி தலையை ஆட்டி, பழுப்பைப் போடவில்லை என்றாள்.  டாக்டர் பொறுமையாக விளக்கினார். வெள்ளை கருப்பையின் உள்தோலை வளர்க்கும். பழுப்பு அந்த வளர்ச்சியை அடக்கி, மிச்சத்தை மாதாமாதம் வெளியே தள்ளும். அந்த இரத்தம் நோயில்லை, காவல். காவலைத் தூக்கி எறிந்துவிட்டு வெள்ளையை மட்டும் போட்டதால் உள்ளே வளர்ந்து வளர்ந்து தடித்துவிட்டது. புற்றுநோய் இன்னும் இல்லை, ஆனால் அதற்கு முந்தின படியில் நிற்கிறது, கருப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று ரிப்போர்ட் வந்த பிறகு சொன்னார்கள். யார் எறிந்தது என்று சுதர்ஷினி அம்மாவைக் கேட்டாள். பதிலைக் கேட்டதும், தண்ணீரில் விழுந்த கதையும் எலி இழுத்த கதையும் அவளுக்கு விளங்கின.

வைகாசிக் கடைசியில், ஆப்பரேசனுக்குத் தேதி கொடுத்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு வரச்சொல்லி அனுப்பினார்கள். நாகலெட்சுமி லயத்துக்கு வந்த வாரத்தில் கமிட்டியும் வந்தது. நலம் விசாரிக்க இல்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு சீலை. அம்மனே இறங்கின உடம்பு என்பதால் அடுத்த வருடமும் இவள் கையால்தான் பானை வைக்கவேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டார்களாம். அழகன் நாலு வீட்டில் கதிரை இரவல் வாங்கி இஸ்தோப்பில் போட்டு, தேத்தண்ணி கொடுத்தான். நாகலெட்சுமி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

வீரய்யா தாம்பாளத்தை நீட்டினார். அவள் கை நீட்டவில்லை.

"நான் வைக்கமாட்டேன் மாமா."

"ஏம்மா, அதுக்குள்ள ஒடம்பு தேறிரும்."

"இந்த வருசமே நான் தீட்டோடதான் வச்சேன். பால் ஊத்தயிலயே எறங்கிருச்சு. கால் வழியா ஓடுச்சு. நின்னுதான் பொங்க வச்சேன்."

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். அழகன் சிரிக்கப் பார்த்தான். "ஆஸ்பத்திரியில ஏத்துன ஊசி, தலைவரே. வந்ததுலருந்து இப்பிடித்தான் ஒளறுறா."

நாகலெட்சுமி அவனைப் பார்க்கவே இல்லை. "இந்தாளுகிட்ட அப்பவே சொன்னேன். செவப்புச் சீலதானே, பொங்குற வரைக்கும் நில்லுன்னாரு. அன்னைக்கு நீங்க எல்லாரும் தின்னீங்க. இவரு தின்னாரான்னு கேளுங்க. இலையைக் கொண்டாந்து அக்காகிட்ட குடுத்தாராம். அக்கா இங்கதான் நிக்கிறாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்த ஆண்கள் என்னை நேராகப் பார்த்து வருடங்கள் ஆகின்றன.

"குடுத்தாரு" என்றேன். "நான் தின்னேன். எனக்கு ஒன்னும் ஆகல."

வீரய்யாவின் முகம் கோணியது. "அப்ப நாங்க தின்னது..."

"அதேதான் மாமா. நீங்க ரெண்டாந்தடவயும் கேட்டு வாங்குனீங்க."

தாம்பாளத்தை அங்கேயே போட்டுவிட்டு அவர் எழுந்து தண்ணீர்ப் பீலிக்கு ஓடினார். ஒரு மாதத்துக்கு முந்தித் தின்று, செரித்து, மறந்தும்போனதை இன்றைக்குக் கொப்புளித்துக் கொப்புளித்துத் துப்பினார். மற்றவர்களும் போய் வரிசையில் நின்றார்கள். தொண்டைக்குள் விரலை விட்டவர்களும் உண்டு. அழகன் அவர்களை இடித்துக்கொண்டு உள்ளே புகுந்து, எல்லாரையும்விடச் சத்தமாகக் கொப்புளித்தான், தானும் தின்றவன் என்று காட்ட. ஒருவன் அவனைப் பிடித்துத் தள்ளினான். மேல்லயம், கீழ்லயம் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. அத்தனை பேரில் ஒருத்தர்கூட, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று அவளைக் கேட்கவில்லை.

நாகலெட்சுமி பீலிப் பக்கம் திரும்பவே இல்லை. தாம்பாளத்திலிருந்து கொட்டின வெற்றிலையைக் காலால் ஒதுக்கினாள்.

"திங்கக்கெழம எடுக்கப் போறாங்கக்கா. சுதர்ஷினிக்கு ஒருநாள்தான் லீவு குடுப்பாங்களாம். அதுக்கப்புறம் பக்கத்துல ஆள் வேணும்."

"நான் இருக்கேன்" என்றேன்.